முந்திக்கொள்வது எது, பதற்றமா எண்ணமா? ஒரு நோட்டும் இரண்டு வாரமும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

ராத்திரி எட்டு மணிக்கு மேல் ராமேஸ்வரம் தீவில் ஓலைக்குடாப் பக்கம் ஈர மணலில் நடந்து வருகிறீர்கள். காலடியில் கறுப்பாக, வளைந்து நெளிந்து ஏதோ கிடக்கிறது. கால் தானாகப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. உடம்பு ஒரு தடவை தூக்கிவாரிப் போடுகிறது. அப்புறம்தான் ‘கடல்பாம்பு’ என்ற சொல் மனசில் வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் அறுந்துபோன வலைக்கயிறு. கயிறுதான் என்று தெரிந்த பிறகும் நெஞ்சு இன்னும் சில நிமிஷம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

‘பாம்பென்று தாண்டவும் முடியாது, பழுதையென்று மிதிக்கவும் முடியாது’ என்பார்கள். அது நின்று யோசிக்கிறவனின் நிலை. அவன் யோசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவன் கால் ஒரு முடிவெடுத்துவிட்டது. அந்தக் கால் எடுத்த முடிவைச் சிந்தனை என்று சொல்லலாமா கூடாதா என்பதுதான் உளவியலில் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் வழக்கு.

இந்த வழக்கின் தீர்ப்பு நம் அன்றாடத்துக்குத் தேவையானது. உணர்ச்சி முந்தி வந்த இடத்தில் புத்தி சொல்லிப் பயன் இல்லை. எண்ணம் முந்தி வந்த இடத்தில் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தெரியவேண்டுமானால், ஒவ்வொரு சம்பவத்திலும் எது முந்தியது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். பள்ளி ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், சுயஉதவிக் குழு அக்காமார்கள், பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் கைகொடுக்கும் முறை இது.

யார் என்ன சொன்னார்கள்

கொள்கைகளைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டைத் திறந்ததும் இவை தேவைப்படும்.

1884-ல் அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் ஊர் வழக்கத்தையே தலைகீழாகத் திருப்பினார். கரடியைப் பார்த்துப் பயந்து ஓடுகிறோம் என்று நினைக்கிறோம்; இல்லை, ஓடுவதால்தான், உடம்பு நடுங்குவதால்தான் பயம் என்றார். உடம்பில் நடக்கும் மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்பது அவர் கட்சி. மறு வருஷமே டென்மார்க்கின் கார்ல் லாங்கேயும் ஏறக்குறைய இதையே சொன்னார். 1927-ல் வால்டர் கானன் மறுத்தார். குடலும் இதயமும் மெதுவாக மாறுகிறவை, உணர்ச்சி அதைவிட வேகமாக வருகிறது. பயத்திலும் கோபத்திலும் உள்ளுறுப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் துடிக்கின்றன. அட்ரினலின் ஊசி போட்டால் உடம்பு படபடக்கிறதே தவிர உண்மையான பயம் வருவதில்லை என்பவை அவருடைய முக்கியமான வாதங்கள்.

1962-ல் ஸ்டான்லி ஷாக்டரும் ஜெரோம் சிங்கரும் நடுவழி பிடித்தார்கள். வைட்டமின் என்று சொல்லி மாணவர்களுக்கு அட்ரினலின் போட்டு, சிலரைக் குதூகலமாக ஆடுகிற ஒருவரோடும் சிலரைச் சிடுசிடுக்கிற ஒருவரோடும் உட்காரவைத்தார்கள். படபடப்பு ஒன்றுதான், அதற்குப் பெயர் வைப்பது சூழ்நிலை என்பது முடிவு. ஆனால் 1979-ல் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு இதே முடிவு கிடைக்கவில்லை. காரணம் தெரியாத படபடப்பு பெரும்பாலும் கெட்ட பக்கமே சாய்ந்தது. அதனால் இந்தக் கொள்கையை அப்படியே நம்பவேண்டாம். ஆனால் படபடப்புக்கு நாம் தப்பான காரணம் கட்டிவிடுகிறோம் என்ற ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு எழுதும்போது அது ரொம்ப உதவும்.

உண்மையான மல்லுக்கட்டு 1980-ல் தொடங்கியது. ராபர்ட் ஸயான்ஸ், பிடிக்கும் பிடிக்காது என்பதற்கு யோசனையே தேவையில்லை என்று எழுதினார். அதே வருஷம் அவரும் வில்லியம் குன்ஸ்ட்-வில்சனும் சேர்ந்து செய்த சோதனையில் கோணல்மாணலான எண்கோண உருவங்களை 1 மில்லி விநாடி மட்டும் காட்டினார்கள். பிறகு ‘எதை முன்னே பார்த்தீர்கள்’ என்று கேட்டால் பதில் 48 சதவீதம்தான் சரி. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். ‘எது பிடிக்கிறது’ என்று கேட்டால் 60 சதவீதம் தடவை, முன்பு காட்டிய உருவத்தையே காட்டினார்கள். பார்த்த நினைவு இல்லை, ஆனால் பிடித்துவிட்டது.

ரிச்சர்ட் லாஸரஸ் 1982-லும் 1984-லும் பதில் கொடுத்தார். ‘இது எனக்கு நல்லதா கெட்டதா’ என்ற மதிப்பீடு இல்லாமல் உணர்ச்சியே இல்லை, அந்த மதிப்பீடு வார்த்தையில் நடக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கண் இமைக்கும் நேரத்தில் நமக்கே தெரியாமலும் நடக்கலாம் என்றார். அவருக்கு இருபது வருஷம் முன்பே, 1960-ல், மாக்டா ஆர்னால்ட் இந்த மதிப்பீட்டுக் கொள்கைக்கு அடித்தளம் போட்டிருந்தார்.

இரண்டு பேரும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், சண்டையில் பாதி ‘சிந்தனை’ என்ற சொல்லின் எல்லையைப் பற்றியது என்று புரியும். நாக்கில் சொல்லக்கூடியதை மட்டும் சிந்தனை என்றால் ஸயான்ஸ் ஜெயிக்கிறார். மூளை செய்கிற எந்தப் பிரித்தறிதலையும் சிந்தனை என்றால் லாஸரஸ் ஜெயிக்கிறார். மீதிப் பாதி உண்மையான கேள்வி: இந்த உணர்ச்சியைச் சொல்லால் மாற்ற முடியுமா, முடியாதா? நம் வேலைக்கு இதுதான் முக்கியம்.

மூளைக்குள் பார்த்தவர்களில் ஜோசப் லெடூ, எலிகளில் சத்தம், புலன் செய்திகளைக் கைமாற்றும் தலாமஸிலிருந்து நேராக, ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலாவுக்குச் சுமார் 12 மில்லி விநாடியில் போய்விடுகிறது என்று காட்டினார். மூளையின் மேலடுக்கான புறணி வழியாகச் சுற்றிப் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். குறுக்குச் சந்து, பெரிய ரோடு மாதிரி. இதை வைத்து ‘அமிக்டலாதான் பயத்தின் வீடு’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். லெடூவே பிறகு அதைத் திருத்தினார். அமிக்டலா செய்வது ஆபத்துக்கு உடம்பைத் தயார்செய்வது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று உணர்வது வேறு வேலை என்றார். மனிதர்களில் அந்தக் குறுக்குச் சந்து எவ்வளவு பெரியது என்பதும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

நம்மிடமே இருக்கிற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக்கி, அவற்றுக்கு வைத்த பெயரே ‘மெய்ப்பாடு’, மெய்யில் தோன்றுவது. அச்சத்துக்கு அது சொல்லும் காரணம் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. இந்த நாலையும் வரிசையாகப் பாருங்கள். விலங்கு பாய்ந்தால் யோசிக்க நேரம் இல்லை. தம் இறை, அதாவது தன்மேல் அதிகாரம் உள்ளவனிடம் வரும் பயம் அப்படி இல்லை. ‘நான் தப்புச் செய்துவிட்டேன், அது அவருக்குத் தெரிந்துவிடும்’ என்ற எண்ணம் இல்லாமல் அந்தப் பயம் பிறக்காது. ஒரே ‘அச்சம்’ என்ற சொல்லுக்குள் இரண்டு வகை இருக்கின்றன என்று எங்களுக்குப் படுகிறது. கீழே சொல்லும் முறை முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

நோட்டுப் போடும் விதம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று, விநாடி காட்டும் கடிகாரம் அல்லது போன். இரண்டு வாரம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும், அதிகம் எழுதினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். முதல் வாரம் சின்னச் சின்ன விஷயங்களை மட்டும் எடுங்கள். தெருநாய் குரைத்தது, பஸ்ஸில் ஒருவர் இடித்தது, ஏலத்தில் விலை குறைந்தது. பெரிய துக்கத்தை முதலில் எடுக்கவேண்டாம். கை பழகாமல் ஆழத்தில் இறங்கினால் எழுதவும் வராது, தூக்கமும் போய்விடும்.

பக்கத்தை நாலு கட்டமாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் நடந்தது, கேமரா பார்த்த மாதிரி: ‘மச்சான் போனை எடுக்கவில்லை’ என்று எழுதலாம், ‘மச்சான் என்னை மதிக்கவில்லை’ என்று எழுதக்கூடாது. இரண்டாவதில் உடம்பு. மூன்றாவதில் மனசில் ஓடிய வார்த்தை. நாலாவதில் உணர்ச்சிக்கு நீங்கள் வைக்கும் பெயரும், பத்துக்கு எத்தனை என்ற அளவும்.

இரண்டாவது கட்டத்தை முதலில் நிரப்புங்கள், அதுவும் பத்து நிமிஷத்துக்குள். உடம்பின் சாட்சி சீக்கிரம் கலைந்துவிடும். நாடியை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கை குளிர்ந்ததா, வியர்த்ததா, வயிறு கலங்கியதா, தாடை இறுகியதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் பேச்சுத் தமிழையே எழுதுங்கள். ‘அவர் தாமதமாக வருவது எனக்கு வருத்தமளிக்கிறது’ என்று யாருடைய மனசும் பேசுவதில்லை. ‘இந்த ஆளு வேணும்னேதான் பண்றான்’ என்று ஓடியிருந்தால் அதையே எழுதவேண்டும். மனசில் வார்த்தையே ஓடவில்லை என்றால் வெற்றாக விடுங்கள். வெற்றுக் கட்டமும் ஒரு சாட்சிதான். அதை அழகுக்காக நிரப்புவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. 1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் காட்டியது இதுதான்: நாம் ஏன் அப்படிச் செய்தோம் என்று கேட்டால், உண்மைக் காரணம் தெரியாதபோதும் பொருத்தமாகத் தோன்றுகிற ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறோம், அதை நாமே நம்பியும் விடுகிறோம்.

முந்தியதைக் கண்டுபிடிக்க மூன்று உரைகல்

முதல் உரைகல், செய்தியை மாற்றிப் பார்ப்பது. ஒரு சம்பவத்தை விரிவாகவே பார்ப்போம்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. விசைப்படகு நேற்றுக் காலையில் போனது, இன்று விடிய வந்திருக்கவேண்டும். மணி ஏழரை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, ‘ஏக்கா, போட்டு வந்துருச்சா?’ என்று கேட்கிறாள். அந்த நொடி வரை அடுப்பில் வேலையாக இருந்தவளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ‘எல்லைப் பக்கம் போயிருப்பாங்களோ, புடிச்சுட்டாங்களோ’ என்று ஓடுகிறது. கை வெலவெலக்கிறது. எட்டு மணிக்கு டிரைவரின் தம்பி வந்து, ‘எஞ்சின் நின்னுபோச்சாம் அத்தை, நங்கூரம் போட்டுக் கெடக்காக, இன்னொரு போட்டு கட்டி இழுத்துட்டு வருது’ என்கிறான். பயம் இறங்குகிறது. உடனே இன்னொன்று ஏறுகிறது: ‘அந்த எஞ்சினை மாத்துங்கன்னு ரெண்டு மாசமாச் சொல்லுறாக, முதலாளி காதுல வாங்குனாரா?’ இப்போது முகம் சிவந்து, தாடை இறுகிவிட்டது. கடலில் எதுவும் மாறவில்லை. படகு எட்டு மணிக்கு முன்னும் அங்கேதான் கிடந்தது. மாறியது செய்தி மட்டும். செய்தி மாறியதும் பயம் கோபமாகிவிட்டது என்றால், எண்ணம் முந்தியது என்று தைரியமாக எழுதலாம்.

இதைத்தான் லாஸரஸ் உணர்ச்சிக்கு ஒரு கரு உண்டு என்று விளக்கினார். என் பக்கம் ஆபத்து வருகிறது என்றால் பயம். எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ அநியாயம் நடந்தது என்றால் கோபம். திரும்பக் கிடைக்காதது போய்விட்டது என்றால் துக்கம். க்ளாஸ் ஷெரர் இன்னும் நுணுக்கமாக, மனசு வரிசையாகச் சில சோதனைகளை நடத்துகிறது என்றார். நம் பேச்சில் சொன்னால் இப்படி: புதுசா? பிடிக்குதா? எனக்குச் சம்பந்தம் உண்டா? என்னால் சமாளிக்க முடியுமா? இது முறையா? மேலே உள்ள பெண்ணுக்கு எட்டு மணிச் செய்தி ‘சமாளிக்க முடியுமா’ என்பதற்கு ஆமாம் என்று பதில் கொடுத்தது, ‘இது முறையா’ என்பதற்கு இல்லை என்று பதில் கொடுத்தது. பயம் போய்க் கோபம் வந்த வழி அதுதான்.

இரண்டாம் உரைகல், தெரிந்தும் நிற்கிறதா என்பது. ‘கயிறுதான்னு தெரியுது, ஆனாலும் அந்தப் பக்கம் கால் போக மாட்டேங்குது.’ ‘இந்த நாய் கடிக்காதுன்னு தெரியும், ஆனாலும் உடம்பு கூசுது.’ செய்தி சரியாகிவிட்டது, உணர்ச்சி நகரவில்லை. இங்கே உணர்ச்சிதான் முந்தியது, எண்ணம் பின்னால் வந்து வாசலில் நிற்கிறது. 1911-ல் எதுவார் க்ளாப்பரேத் என்ற ஸ்விட்சர்லாந்து மருத்துவர் எழுதியது இதற்கு மிகத் தெளிவான சாட்சி. எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு நோயாளிக்குக் கை கொடுக்கும்போது, உள்ளங்கையில் மறைத்த ஊசியால் குத்தினார். அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கு அவரையே யாரென்று தெரியவில்லை, குத்தியதும் நினைவில்லை. ஆனால் கை கொடுக்க மறுத்துவிட்டார்.

மூன்றாவது, வாயில் வந்த சொல்லைக் கவனிப்பது. தமிழ் இதற்கு வளமான மொழி. ‘பகீர்னுச்சு’, ‘தூக்கிவாரிப் போட்டுச்சு’, ‘ஈரக்கொல நடுங்கிருச்சு’ என்று ஒருவர் சொன்னால் அங்கே செய்தவர் யாரும் இல்லை. அது நடந்தது, அவ்வளவுதான். ‘நெனச்சா வயிறு எரியுது’, ‘நெனச்சு நெனச்சு மாஞ்சு போறேன்’ என்றால் நினைப்பு வாசலிலேயே நிற்கிறது. பேசுகிறவரிடம் கேள்வி கேட்பதற்கு முன் இரண்டு நிமிஷம் இந்தச் சொற்களை மட்டும் காதில் வாங்குங்கள். ஆனால் இந்த உரைகல்லை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘பகீர்’ சொல்கிறவர்கள் உண்டு. முதல் இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும்.

எங்கே தவறிப்போகும்

பெரும்பாலான நோட்டுகள் கெடுவது படபடப்புக்குத் தப்பான காரணம் எழுதுவதால். வெறும் வயிற்றில் இரண்டு கட்டன் டீ, டீசல் புகை, தூக்கமில்லாத இரவு, கடல் குமட்டல், ரத்தசோகை, தைராய்டு, இவையெல்லாம் நாடியை ஏற்றும். ஏறிய நாடி காரணம் தேடும், கண்ணில் படுகிற முதல் ஆள் மாட்டிக்கொள்வான். அதனால் முதல் கட்டத்தின் மேலேயே ‘சாப்பிட்டது, குடித்தது, தூங்கியது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொன்று மிச்சப் படபடப்பு. ஒரு சண்டையின் சூடு மனசுக்கு ஆறிவிட்டதாகத் தோன்றினாலும் உடம்பில் சில நிமிஷங்களுக்கு மேலும் நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அடி விழுகிறது. டால்ஃப் ஸில்மன் 1970-களில் விளக்கிய விஷயம் இது. ஒரு சம்பவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மணி நேரமாவது இல்லை என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே சம்பவமாக எழுதுங்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதும் இங்கேதான் வேலை செய்கிறது. முன்பே பயந்திருக்கும் மனசுக்குக் கண்ணே வேறு மாதிரிப் பார்க்கும். சுற்றிச் சுற்றி வரும் இந்த வகையில் எது முந்தி என்று ஒரு பதில் கிடைக்காது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. ‘ஐயோ, மாரடைப்பு’ என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தால் இன்னும் வேகமாக அடிக்கிறது. 1986-ல் டேவிட் க்ளார்க் திடீர்ப் பீதியை இந்தச் சக்கரமாகத்தான் விளக்கினார். நோட்டில் அம்புக்குறி போட்டு வட்டமாகவே வரையுங்கள், கோடாக நீட்டவேண்டாம். ஒரு எச்சரிக்கை: முதல் தடவை நெஞ்சுவலி, இடது கை அல்லது தாடைக்கு இழுப்பு, குளிர்ந்த வியர்வை என்று வந்தால் நோட்டைத் தொடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இதயம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் இது பீதியா என்ற கேள்வியே.

வகுப்பில் செய்து காட்ட

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு சோதனை போதும்.

ஸயான்ஸ் பக்கத்துக்கு: எந்த மொழியிலும் இல்லாத பன்னிரண்டு கிறுக்கல் உருவங்களை அட்டையில் வரையுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதிக்கு, 1 முதல் 6 வரை உள்ள அட்டைகளை ஒவ்வொன்றும் பத்து தடவை, கலைத்துக் கலைத்து, இரண்டு விநாடி வீதம் காட்டுங்கள். மறு பாதிக்கு 7 முதல் 12 வரை. மறுநாள் எல்லோருக்கும் பன்னிரண்டையும் காட்டி, எவ்வளவு பிடிக்கிறது என்று ஏழுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். முன்பு பார்த்த அட்டைகளின் சராசரி கொஞ்சம் கூடுதலாக வரவேண்டும். இரண்டு பாதிக்கும் அட்டைகளை மாற்றிக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. எல்லோருக்கும் ஒரே ஆறைக் காட்டினால், அவை அழகாக இருந்ததாலா பழகியதாலா என்று சொல்ல முடியாது. ரொம்பத் தடவை காட்டினால் சலித்துப்போய் அந்த விருப்பம் குறையலாம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே நோக்கத்தைச் சொன்னாலும் கெட்டுவிடும்.

லாஸரஸ் பக்கத்துக்கு: 1964-ல் அவர் குழு, பார்க்கக் கூசும் ஒரு சடங்குப் படத்தையே வேறு வேறு பின்னணிப் பேச்சோடு காட்டி, பேச்சுக்கு ஏற்ப உடம்பின் பதற்றம் கூடியதையும் குறைந்ததையும் தோலின் மின்கடத்தலால் அளந்தது. நாம் படமே காட்டவேண்டாம். திருக்கை முள் குத்திய காலைச் சுகாதார நிலையத்தில் சுத்தம் செய்வதை இரண்டு விதமாக எழுதி, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது வாசியுங்கள். ஒன்றில் வலியும் அலறலும். மற்றதில் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று, செவிலியர் ஒவ்வொரு படியாக என்ன செய்கிறார் என்ற விவரம். இரண்டும் ஒரே நீளம் இருக்கட்டும், ஒரே குரலில் வாசியுங்கள். முன்னும் பின்னும் நாடி எண்ணச் சொல்லுங்கள். நாடி வித்தியாசம் தெளிவாக வராவிட்டாலும், பத்துக்கு எத்தனை என்ற அளவில் வந்துவிடும். வீட்டில் அப்படி அடிபட்டவர் உள்ள பிள்ளையை முன்பே கேட்டு வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

எண்ணம் முந்தியிருந்தால்

மூன்றாவது கட்டத்தில் எழுதிய வாக்கியத்தை எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு நான் கண்ணால் பார்த்த சாட்சி என்ன? வேறு எப்படி இருக்கலாம்? அப்படியே உண்மையாக இருந்தால் அடுத்து என்ன செய்வேன்? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். இந்தக் கரையில் கெட்டது சில நேரம் நிஜமாகவே நடக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவரிடம் ‘ஒண்ணும் ஆகாது’ என்பது ஆறுதலே இல்லை. யாருக்குப் போன் போடுவது, எந்தச் சங்கத்தில் கேட்பது, பிள்ளையை யாரிடம் விடுவது என்று எழுதினால்தான் ‘சமாளிக்க முடியுமா’ என்ற கேள்விக்குப் பதில் மாறும், பயமும் இறங்கும்.

இதைச் செய்யவேண்டிய நேரம் முக்கியம். ஜேம்ஸ் க்ராஸின் ஆய்வுகள் காட்டியபடி, உணர்ச்சி முழுசாக ஏறுவதற்கு முன் அர்த்தத்தை மாற்றிப் பார்ப்பது பலன் தருகிறது. ஏறிய பிறகு முகத்தில் காட்டாமல் அமுக்கிக்கொள்வது உள்ளே இருக்கும் துன்பத்தைக் குறைப்பதில்லை, உடம்புக்குப் பாரத்தையும் கூட்டுகிறது. பத்துக்கு எட்டுக்கு மேல் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். முதலில் மூச்சு: நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவில், ஐந்து நிமிஷம். ஆறுக்குக் கீழே வந்ததும் நோட்டு.

உணர்ச்சி முந்தியிருந்தால்

இங்கே வாதாடவேண்டாம். ‘இதுக்குப் போய்ப் பயப்படுறியே’ என்பது பயத்தோடு வெட்கத்தையும் சேர்க்கும், அவ்வளவுதான். சொல் வேலை செய்யாத இடத்தில் பழக்கம் வேலை செய்யும். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்றால், நரிக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. ஓலைச் சத்தத்திலேயே கிடந்து பழகிவிட்டது.

அலை புரட்டிப்போட்டதிலிருந்து கடலைக் கண்டாலே அலறும் ஏழு வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இது சாதாரணப் பயத்துக்கு மட்டும். படகு கவிழ்ந்து ஆள் இறந்ததைப் பார்த்தவர், ஒரு மாசத்துக்கு மேல் கனவும் திடுக்கிடலும் தொடர்கிறவர் என்றால் நீங்களாக முயற்சிக்காதீர்கள். 14416 டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். நியாயமான பயத்தையும் போக்கவேண்டாம். பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருக்கும்போது கடலுக்குப் பயப்படுகிறவனுக்கு வைத்தியம் தேவையில்லை.

இடத்தைப் பார்த்து எடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம், அரியமான் மாதிரி அலை குறைந்த கரை. வாடைக் காலத்தில் எதிர்ப்பக்கம், மன்னார் வளைகுடா ஓரம். தனுஷ்கோடி முனை எந்தக் காலத்திலும் வேண்டாம், அங்கே இழுப்பு அதிகம். பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு பெரியவர்.

முதல் நாள் தண்ணீரிலிருந்து முப்பது எட்டுத் தள்ளி, காய்ந்த மணலில் உட்காருங்கள். ‘பத்துக்கு எத்தனைப் பயம்?’ என்று கேளுங்கள். ஏழு என்றால் அந்த இடத்திலேயே மணல் விளையாடிக்கொண்டு, அது மூன்று நாலுக்கு இறங்கும் வரை இருங்கள். பெரும்பாலும் இருபது நிமிஷத்திலிருந்து நாற்பது நிமிஷம் ஆகும். இறங்கிய பிறகே எழுந்திருக்க வேண்டும். பயம் உச்சியில் இருக்கும்போது தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினால், ‘ஓடியதால்தான் தப்பித்தேன்’ என்று உடம்பு படித்துக்கொள்ளும், அடுத்த நாள் ஏழு ஒன்பதாகும். நன்றாக நினைத்துச் செய்கிற அத்தைமார்களும் தாத்தாமார்களும் தவறுகிற இடம் இதுதான். அதற்கு நேர்மாறான தவறு, பிள்ளையைத் தூக்கி அலையில் இறக்கிவிடுவது. பயம் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் கடலோடு உங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும்.

அடுத்தடுத்த நாட்களில் ஈர மணல், பிறகு நுரை விரலைத் தொடும் இடம், கணுக்கால், கடைசியாக முழங்கால். முழங்காலைத் தாண்டவேண்டாம். ஒரு படியில் அளவு தொடக்கத்திலேயே மூன்றுக்குள் வந்தால் அடுத்த படி. நடுவில் நாலைந்து நாள் விட்டுப்போனால் ஒரு படி கீழே இருந்து ஆரம்பியுங்கள். கையைப் பிடித்துக்கொண்டே எல்லாப் படியும் ஏறினால், கை இருந்தால்தான் பயமில்லை என்றாகிவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் கடைசி ஐந்து நிமிஷம் கையை விட்டு ஓரடி தள்ளி நில்லுங்கள்.

முழங்கால் வரை சிரித்துக்கொண்டே நின்ற பிள்ளை, ஒரு மாசம் கழித்து ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் திரும்பவும் அலறினால் திகைக்கவேண்டாம். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதுப் பழக்கம் ஏறி உட்காருகிறது. அந்தப் புதுப் பழக்கம் பழகிய இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் அரியமானில் முடிந்ததும் வேறு கரை, வேறு நேரம், கூட வருகிற ஆளும் வேறு என்று இன்னும் இரண்டு இடத்தில் செய்யுங்கள். அங்கே முதல் படி ஒரு நாளிலேயே முடிந்துவிடும்.